கூடினதும் குறைந்ததும்

ஏற்காடு பஜாரில் ஆண்டனி ராஜ் வறுத்து அரைத்து விற்கும் காப்பித்தூளைப் பற்றி ஊரில் இரண்டு கட்சிகள் உண்டு. இப்படியொரு தூள் மலைமேலும் கிடையாது, கீழே சேலத்திலும் கிடையாது என்று அடித்துச் சொல்பவர்கள் ஒரு கட்சி. இதற்குக் கஷாயம் வைத்துக் குடிக்கலாம் என்பவர்கள் இன்னொரு கட்சி. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த வாரம் இந்தக் கட்சியில் இருப்பவரே அடுத்த வாரம் அந்தக் கட்சியில் இருப்பார். எல்லாம் அவர் தூள் வாங்கிய நாளைப் பொறுத்தது.

இரண்டிலும் சேராத மூன்றாம் கட்சி ஒன்றும் இருந்தது. அதில் ஒரே உறுப்பினர், ஆண்டனி ராஜின் மனைவி மரியபுஷ்பம். கல்யாணமாகி வந்த பதினேழு வருஷமாகக் காலையும் மாலையும் அந்தத் தூளில்தான் அவளுக்குக் காப்பி. மணமோ ருசியோ ஒரு நாளும் இம்மி பிசகியதில்லை. தூள் முன்னே மாதிரி இல்லையே என்று யாராவது இழுத்தால், உங்கள் பாலைப் பாருங்கள் என்பாள். பால் நல்ல பால்தான் என்றால், ஃபில்டரைக் கழுவி எத்தனை நாளாயிற்று என்று கேட்பாள். கணக்கு டீச்சர் சொல்லும்போது யார் மறுத்துப் பேசுவது? வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய் ஃபில்டரைக் கழுவினார்கள்.

மிஷன் பள்ளிக்கூடமொன்றில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவள் மரியபுஷ்பம். சிதறல் அளவைகள் பாடம் என்றால் அவளுக்கு உயிர். சராசரியைக் கண்டுபிடித்த கையோடு பேனாவை மூடி வைக்கிற பிள்ளையைப் பார்த்தால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "சராசரி பாதிச் சேதிதான் சாமி. ஒவ்வொண்ணும் அதுல இருந்து எவ்வளவு தள்ளி நிக்குதுன்னு பாக்கோணும்" என்று சாக்பீஸால் கரும்பலகையைக் குத்துவாள். லாட்ஜில் தங்கியவர்களில் பாதிப்பேருக்கு ஐஸ் தண்ணீர், பாதிப்பேருக்குக் கொதிக்கிற தண்ணீர், ஆகவே சராசரியில் எல்லாரும் சுகமாகக் குளித்தார்கள் என்று எழுதுவாயா என்று கேட்பாள். பிள்ளைகள் சிரிக்கும், பாடமும் மண்டையில் ஏறும்.

கணவன் மனைவிக்குள் சொல்லாத ஓர் ஏற்பாடு இருந்தது. கடை அவனுடையது, பள்ளிக்கூடம் அவளுடையது. அவன் பரீட்சைத்தாளைத் தொடமாட்டான், அவள் வறுக்கும் உருளைப் பக்கம் போகமாட்டாள். கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் தொங்கவிடும்போது கடைக்குள் கால் வைத்தால் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் அவன் ஓர் எவர்சில்வர் டப்பாவோடு வீட்டுக்கு வருவான், அடுத்த சனி வரைக்கும் அதுதான் வீட்டுத் தூள்.

போன வருஷம் ஏரிக்கரை லாட்ஜ் ஒன்றுக்குத் தூள் கொடுக்கும் வாய்ப்பு வந்தபோது மரியபுஷ்பம் அந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் மீறினாள். அந்த லாட்ஜின் சமையல் பொறுப்பாளர் கோவிந்தராஜ், சேலத்துக்காரர், நல்ல மனிதர். அவருடைய பெண் இவளிடம் படித்தவள். தூள் ஒரு நாளைக்கு ஒரு மாதிரி இருக்கும் என்று பஜாரில் பேசிக்கொள்கிறார்களே என்று அவர் தயங்கியபோது, மாறவே மாறாது, அதற்கு நான் பொறுப்பு என்று இவளே வாக்குக் கொடுத்தாள். அந்த வாக்கில்தான் லாட்ஜ் வாடிக்கை வந்தது. இப்போது அரைக்கிற தூளில் பாதிக்கு மேல் அங்கேதான் போகிறது. அது நின்றால் கடையை இழுத்து மூடவேண்டியதுதான்.

ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், சர்ச்சில் பூசை முடிந்து அவள் வீடு திரும்பிக் கொஞ்ச நேரத்தில் கோவிந்தராஜ் வந்து வாசலில் நின்றார். ஆண்டனி ராஜ் காப்பிக்கொட்டை பார்க்க வெள்ளக்கடைக் கிராமத்துக்குப் போயிருந்தான். அவன் இல்லாத நேரம் பார்த்துத்தான் அவர் வந்திருக்கிறார் என்பது அவர் செருப்பைக் கழற்றிய தயக்கத்திலேயே தெரிந்தது.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சருங்க. கோடை விழா வருது. மொதலாளி சேலத்துக் கம்பெனித் தூளுக்கு மாறிக்கலாம்ங்கறாரு."

சும்மா சொல்லவில்லை என்று காட்டுவதற்காக அவர் போனை எடுத்தார். இவர்கள் கடைத் தூளில் ஐந்து பை, கம்பெனித் தூளில் ஐந்து பை. எது எந்தத் தூள் என்று சொல்லாமல் சமையல்கட்டு ஆட்களுக்குக் கொடுத்துப் பத்துக்கு மார்க் போடச் சொல்லியிருக்கிறார். கம்பெனித் தூளுக்கு ஆறு, ஆறு, ஐந்து, ஏழு, ஆறு. ஆண்டனி ராஜ் தூளுக்கு ஒன்பது, மூன்று, எட்டு, இரண்டு, எட்டு.

மரியபுஷ்பத்துக்குக் கூட்டி வகுக்கக் காகிதம் வேண்டுமா என்ன. இரண்டுக்கும் சராசரி ஆறு. ரெண்டும் சமம்தானுங்களே என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வகுப்பில் ஒரு பிள்ளை அப்படிச் சொல்லியிருந்தால் எழுப்பி நிற்க வைத்திருப்பாள். வந்ததை விழுங்கிக்கொண்டாள். அதிக மார்க்குக்கும் குறைந்த மார்க்குக்கும் உள்ள வீச்சு அங்கே இரண்டு, இங்கே ஏழு. அறை எடுத்துத் தங்குகிறவன் சராசரியையா குடிக்கிறான்? அவனுக்குக் கிடைத்த டம்ளரைத்தான் குடிக்கிறான்.

ஆனாலும் அவளுக்கு மனசு ஒப்பவில்லை. பால்காரன், ஃபில்டர், சமையல்காரரின் கைப்பக்குவம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். கோவிந்தராஜ் பொறுமையாக எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் அவள் எழுந்து உள்ளே போய், டப்பாவிலிருந்து தூள் போட்டு, தானே ஒரு டம்ளர் காப்பி கலந்துகொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள். இதைக் குடித்துவிட்டுச் சொல்லுங்கள் என்றாள்.

அவர் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முழுதும் குடித்து முடித்தார்.

"இதுக்குப் பத்துக்குப் பத்துங்க" என்றார். "ஆனா எங்களுக்கு வர்ற தூள் இது இல்லீங்க."

ஒரே கடை, ஒரே தூள் என்று அவள் சொன்னாள். அவர் மறுக்கவில்லை. தான் எதுவும் சொல்லவில்லையே என்று மட்டும் சொல்லிவிட்டு, சுவரில் இருந்த இயேசுவின் படத்தைப் பார்த்தார். வர்ற சனிக்கிழமை இன்னும் ஐந்து பை எடுத்துக்கொள்வதாகவும், அதையும் பார்த்துவிட்டு முதலாளியிடம் முடிவு சொல்வதாகவும் சொல்லிக் கிளம்பினார். வாய்விட்டுத் திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு சுருக்கென்று இருந்திருக்காது. வீட்டுக்கு நல்லது, விற்பதற்கு மட்டமானது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டு போகிறார்.

அன்று முழுக்க மரியபுஷ்பத்துக்கு வேலை ஓடவில்லை. ஆண்டனி ராஜ் ஏமாற்றுகிறவனா? மழையில் நனைந்து நடுங்கிய டூரிஸ்ட் ஒருவனுக்குத் தன் ஜெர்க்கினைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் தும்மிக்கொண்டிருந்தவன் அவன். அவனைச் சந்தேகப்பட அவளுக்கு வாய் வரவில்லை. ஆனால் தன்மேல் அவளுக்கு நன்றாகவே சந்தேகம் வந்தது. ஒரு மூட்டை நெல்லைச் சோதிக்க மேலே ஒரு பிடி, நடுவே ஒரு பிடி, அடியில் ஒரு பிடி எடுக்கவேண்டும் என்று ஊர்ப்பிள்ளைக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள், தான் மட்டும் ஒரே டப்பாவில் கைவிட்டுக்கொண்டு ஊருக்கே வாக்குக் கொடுத்திருக்கிறாள். எத்தனை வருஷம் குடித்தால் என்ன, ஒரு டப்பா ஒரு டப்பாதான். கடைப் பை ஒன்றை அவள் பிரித்துப் பார்த்ததே கிடையாது.

வெள்ளக்கடையிலிருந்து அவன் திரும்பி வந்து கொட்டையின் அருமை பெருமைகளைச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் பரீட்சை வேலை மதியத்தோடு முடிந்ததும் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி நேரே கடைக்குப் போனாள்.

கடையின் முன்பக்கம் அரைக்கிற மிஷின், பின்பக்கம் வறுக்கும் உருளை. அங்கே மூட்டைமேல் வேடியப்பன் உட்கார்ந்திருந்தான். ஜீப் ஓட்டுகிறவன், கதை சொல்வதில் மன்னன். புதுமாப்பிள்ளை பெண்ணோடு கொண்டை ஊசி வளைவில் ஜீப் நின்றுபோன கதையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். ஆண்டனி ராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பில் வந்தது பாதி, புகையில் வந்தது பாதி. உருளைக்குள் கொட்டை கரிந்துகொண்டிருந்ததை மரியபுஷ்பத்தின் மூக்கு வாசலிலேயே கண்டுபிடித்துவிட்டது.

ஐயோ போச்சே என்று அவன் பதறவில்லை. வெகு நிதானமாகக் கரிந்த கொட்டையை ஒரு தட்டில் கொட்டினான். அடுத்த ஈடு போட்டான். அதை, வெடிக்கிற சத்தம் கேட்பதற்கு முன்பே, பாதி வெந்த பருவத்தில் இறக்கினான். இரண்டையும் சேர்த்துக் கையால் புரட்டினான். ஒரு பிடியை அரைத்து, அலமாரியில் மாதிரித் தூள் போட்டு வைத்திருந்த கண்ணாடிப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து நிறம் பார்த்தான். பாட்டிலில் இருந்ததும் கையில் இருந்ததும் அச்சாக ஒரே நிறம்.

அப்போதுதான் மனைவி நிற்பதைப் பார்த்தான். திருதிருவென்று விழிப்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவனோ பரிசு வாங்கப்போகிற பிள்ளையைப் போல முகம் மலர்ந்து, வேடியப்பனை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு, கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"யாருக்குஞ் சொல்லாத தொழில் ரகசியம் புஷ்பம். உன்கிட்டக் கத்துக்கிட்டதுதான்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் விவரமாகச் சொன்னான். கல்யாணமான புதிது. கடை வைத்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. ஓர் ஈடு கொட்டையைக் கரித்துவிட்டு, வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு அவன் அடுக்களையில் உட்கார்ந்திருந்தான். முன்னறையில் இவள் டியூஷன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்று கூடிப்போயிற்று, ஒன்று குறைந்துபோயிற்று, இரண்டையும் சேர்த்துப் பங்கு போட்டால் நடுவில் வந்து நிற்கும் என்று இவள் குரல் கேட்டது. அவனுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. மறுநாள் செய்து பார்த்தான். நிறம் பிசகாமல் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை கரிந்தால் பச்சையைச் சேர்ப்பான், பச்சையாகப் போனால் கரிந்ததைச் சேர்ப்பான். கணக்கு டீச்சரைக் கட்டினதால் ஒரு கொட்டை வீணானதில்லை என்று மனசுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டே இத்தனை வருஷத்தை ஓட்டியிருக்கிறான்.

மரியபுஷ்பத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அன்றைக்கு அவள் நடத்தியது முதல் பாடம். அடுத்த வாரம், சராசரியிலிருந்து தள்ளி நிற்கும் விலக்கத்தை நடத்தியபோது இந்த மனுஷன் எஸ்டேட்டில் கொட்டை வாங்கப் போயிருந்தான். பாதிப் பாடத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவன் போல, அந்தப் பாதியை வைத்துக்கொண்டு முழுத் தொழிலையும் நடத்திவிட்டான். அந்த மலர்ந்த முகத்தைப் பார்த்தபின் அங்கே நின்று அவளால் திட்டமுடியவில்லை. கலந்த தூளில் ஒரு பொட்டலம் கட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

சாயங்காலம் அவன் வந்ததும் இரண்டு டம்ளர் கலந்து வைத்தாள். ஒன்று டப்பாத் தூள், ஒன்று பொட்டலத் தூள். பார்க்க இரண்டும் ஒரே நிறம். பொட்டலக் காப்பியைத் தானே முதலில் குடித்துப் பார்த்தாள். முன்னால் கருக்கல் கசப்பு வந்தது, பின்னால் பச்சைப் புளிப்பு வந்தது. ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியே நாக்கில் நின்றன. தூளின் நிறத்தில் சேர்ந்துபோனது ருசியில் சேரவே இல்லை. டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள்.

ஆண்டனி ராஜ் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். கடையில் இருக்கும்போது அவன் குடிப்பது பக்கத்து டீக்கடை டீ. வீட்டில் குடிப்பது டப்பாக் காப்பி. தன் கடைச் சரக்கை நிறம் பார்த்தானே தவிர நாக்கில் வைத்துப் பார்த்ததே இல்லை. அதற்குப் பிறகு அவள் கோவிந்தராஜ் வந்துபோனதைச் சொன்னாள். அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மார்க்கு எவ்வளவு என்று கேட்டான். சொன்னாள். வாயால் கூட்டி வகுத்தான். அவனுக்கும் ஆறு, கம்பெனிக்கும் ஆறு. பிறகு என்ன வந்தது அந்த ஆளுக்கு என்று எகிறினான்.

அவள் பரீட்சைத்தாளின் பின்பக்கத்தை எடுத்தாள். ஆறிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்ப்போம் என்றாள். ஒன்பது என்பது மூன்று கூடுதல். மூன்று என்பது மூன்று குறைவு. எட்டு என்பது இரண்டு கூடுதல். இரண்டு என்பது நாலு குறைவு. கடைசி எட்டு மறுபடி இரண்டு கூடுதல். அவன் அவளுக்கு முந்திக்கொண்டு கூட்டினான். கூடினது ஏழு, குறைந்தது ஏழு.

"சைபர். பாத்தியா? சரிக்குச் சரியாப் போச்சு."

"எப்பவுமே சைபர்தானுங்க வரும், எந்தக் கணக்குப் போட்டாலும்" என்றாள் அவள். "ஒம்போது மார்க்குக் காப்பி குடிச்சவன் ஒருத்தன். ரெண்டு மார்க்குக் காப்பி குடிச்சுட்டுப் பஸ் ஏறுனவன் வேறொருத்தன். இவனுக்கு இனிச்சது அவன் வாய்ல போயி இனிக்குமாங்க?"

அதனால்தான் வர்க்கப்படுத்துவது என்று அவள் விளக்கினாள். வர்க்கம் போட்டால் குறைவுக்கு முன்னால் நிற்கும் கழித்தல் குறி போய்விடும். கூடினதும் குறைந்ததும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துபோக முடியாது. எவ்வளவு தள்ளிப் போனதோ அவ்வளவும் வெளியே தெரியும். ஒன்பது, ஒன்பது, நாலு, பதினாறு, நாலு. நாற்பத்திரண்டு. ஐந்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் இரண்டே முக்காலுக்கு மேல், கிட்டத்தட்ட மூன்று. கம்பெனித் தூளுக்கு அதே கணக்கைப் போட்டாள். முக்கால்கூட வரவில்லை. சராசரியைச் சுற்றி அவர்கள் தூள் நிற்கிற இடம் அவ்வளவுதான், நம் தூள் அலைகிற இடம் இவ்வளவு, இதற்குப் பேர்தான் திட்ட விலக்கம் என்றாள்.

ஆண்டனி ராஜ் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தான். அவனுக்கு எண்கள் எவ்வளவு புரிந்தனவோ என்னவோ, அந்த டம்ளர் நன்றாகப் புரிந்திருந்தது. அவன் முகம் சுருங்கிப்போனதைப் பார்க்க அவளுக்குத் தாளவில்லை. யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று தான் நினைக்கவே இல்லை என்று அவன் முணுமுணுத்தான். அது தனக்குத் தெரியும் என்று அவள் சொன்னாள். ஆனால் கேட்காமல் விடமுடியாத கேள்வி ஒன்று மிச்சம் இருந்தது. அந்த டப்பாவில் இருப்பது என்ன தூள் என்று கேட்டாள்.

காப்பியடித்துக் கையும் களவுமாகப் பிடிபட்ட பிள்ளை மாதிரி அவன் நெளிந்தான். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. சனிக்கிழமை மதியம், டூரிஸ்ட் கூட்டம் பஜாரில் முட்டி மோதுகிற நேரத்தில், அவன் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவான். தூங்குகிறான் என்று ஊர் நினைத்துக்கொள்ளும். உள்ளே அவன் ஒரே அளவுக் கொட்டையாகப் பொறுக்கி எடுத்து, சின்ன இரும்புச் சட்டியில் ஒரு பிடி ஒரு பிடியாகப் போட்டு, யாரோடும் பேசாமல், காதைத் தீட்டிக்கொண்டு வறுப்பான். அந்த நேரத்தில் வேடியப்பனுக்குக்கூட அனுமதி கிடையாது.

"எதுக்குங்க இப்படி? உங்க தூளு சரியாத்தான் இருக்குன்னு நீங்க நம்புனீங்கல்ல?"

"நம்புனேன்தான். ஊருக்கு அது சரி" என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல். "உனக்குப் போயி சராசரி பாத்துக் குடுப்பனா?"

இந்த மனுஷன்மேல் அவளுக்கு அவ்வளவு கோபமும் அவ்வளவு பிரியமும் ஒரே நேரத்தில் பொங்கின. இவன் பேச்சில் தேன் தடவத் தெரியாதவன். கல்யாண நாளை மறந்துபோகிறவன். பதினேழு வருஷத்துச் சனிக்கிழமைகளை ஒரு சட்டிமுன் உட்கார்ந்து கழித்துவிட்டு அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறான். அந்தப் பிரியத்தைக் குடித்துவிட்டுத்தான் அவள் கோவிந்தராஜுக்கு வாக்குக் கொடுத்தாள். தெரியாமல் கொடுத்த வாக்கானாலும் வாக்கு வாக்குதான்.

இனிமேல் எல்லாருக்கும் டப்பாத் தூள் மாதிரியே கொடுக்கவேண்டும் என்று அவள் சொன்னாள். ஆகாத காரியம் என்றான். நேரம் பிடிக்கும், கொட்டை வீணாகும், உருளையில் சட்டிப் பக்குவம் வராது என்று வரிசையாகக் காரணம் சொன்னான். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. அவன் சொன்ன காரணங்கள் தீர்ந்த பிறகு, சொல்லாமல் வைத்திருந்த காரணம் கடைசியில் வந்தது.

"ஊருக்கே அதக் குடுத்துட்டா, அப்பறம் உனக்குன்னு என்ன இருக்குது புஷ்பம்?"

இதற்குக் கணக்குப் புத்தகத்தில் பதில் இல்லை. அவள் இரண்டு டம்ளரையும் ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"நான் குடுத்த வாக்கு இருக்குதுங்க. அதக் காப்பாத்திக் குடுங்க. எனக்கு அது போதும்."

அந்த வாரம் கடையே தலைகீழாயிற்று. ஆண்டனி ராஜ் கொட்டையைச் சல்லடையில் சலித்துப் பெரியது தனி, சிறியது தனி என்று பிரித்தான். உருண்டைக் கொட்டையான பீபெரியைத் தனி மூட்டையில் கட்டினான். எல்லாம் ஒரே அளவாக இருந்தால் எல்லாம் ஒன்றாக வெந்து வரும் என்பது சட்டியிடம் கற்றது. உருளையில் பாதி அளவுக்குமேல் போடவில்லை. உருளை சுற்றும்போது கதை கூடாது என்று வேடியப்பனுக்குத் தடை விதித்தான். அவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. முதல் இரண்டு நாளில் ஓர் ஈடு கரிந்தது. பச்சையைச் சேர்க்கக் கை தானாகப் போயிற்று. இழுத்துக்கொண்டான். கரிந்ததை அப்படியே அள்ளிக் குப்பையில் கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, சொந்தக்காரர் யாரோ தவறிப்போன மாதிரி உட்கார்ந்திருந்தான். மரியபுஷ்பம் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

சனிக்கிழமை கோவிந்தராஜ் வந்து ஐந்து பையைத் தானே பொறுக்கி எடுத்துக்கொண்டு போனார். வெவ்வேறு நாள் வறுத்த பைகளாகப் பார்த்து எடுத்தார். அவர் பதில் வரும்வரை அவர்கள் வீட்டில் யாருக்கும் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவரே பள்ளிக்கூட வாசலுக்கு வந்து போனை நீட்டினார். எட்டு, எட்டு, ஏழு, எட்டு, எட்டு. கோடை விழாவுக்கும் அதற்கு அப்புறமும் இந்தத் தூள்தான் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். போகும்போது தன் வீட்டுக்கும் ஒரு பொட்டலம் வேண்டும் என்றார். அன்றைக்கு இயேசு படத்தைப் பார்த்ததற்கு அவர் கேட்ட மன்னிப்பு அதுதான் என்று அவளுக்குப் புரிந்தது.

சேதியைக் கேட்டு ஆண்டனி ராஜ் சந்தோஷப்பட்டான் என்றாலும், ஒன்பது போய்விட்டதே என்று ஒரு குறையும் சொல்லிக்கொண்டான். ஒன்பதோடு இரண்டும் போய்விட்டதே, அதைப் பாருங்கள் என்றாள் டீச்சர். பஜாரில் அந்த இரண்டு கட்சிகளும் மெல்லக் கலைய ஆரம்பித்தன.

அடுத்த சனிக்கிழமையும் டப்பா வந்தது. ஞாயிறு காலை அவள் அதில் காப்பி கலந்து வாயில் வைத்ததும் புருவத்தைச் சுருக்கினாள். இது அந்த ருசி இல்லை. பதினேழு வருஷத்தில் முதல்தடவையாக வீட்டுக் காப்பி மாறியிருந்தது. கசப்பு தூக்கலாக, ஏதோ ஒரு புது வாசனையோடு, கொஞ்சம் அளவு மீறி இருந்தது. மறுபடியும் கலப்படக் கணக்கா? திரும்பிப் பார்த்தாள். ஆண்டனி ராஜ் அடுக்களை வாசலில், ரிசல்ட் பார்க்க வந்த பிள்ளையைப் போல நின்றிருந்தான்.

"ஊருக்கெல்லாம் இனி ஒண்ணு போலத்தான்" என்றான். "உனக்கு மட்டும் வாரா வாரம் வேற. இது வெள்ளக்கடைக் கொட்டை, சித்த நேரங் கூடுதலா வறுத்துப் பாத்தேன். அடுத்த வாரம் பீபெரி. மார்க்குப் போடு புஷ்பம். கடையில இருந்த விலக்கம் பூராவும் இனி உனக்குத்தான்."

மரியபுஷ்பம் மார்க் விஷயத்தில் யாருக்கும் தாட்சண்யம் காட்டுகிறவள் இல்லை. கட்டின புருஷனுக்கும் இல்லை. நாலுதான் போட்டாள். போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த நாலு மார்க்குக் காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்து, இன்னும் அரை டம்ளர் ஊற்றச் சொல்லி நீட்டினாள்.